பாலாறு அணைக்கட்டின் கிளைக் கால்வாய்: யார் வெட்டியது, இன்று யாருக்குப் பயன்படுகிறது?

கேள்வி — நெமிலி வட்டத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி வட்டத்தில் உள்ளது. வாலாஜாபேட்டை அருகே உள்ள பாலாறு அணைக்கட்டின் இடது கரையில் புறப்படும் கால்வாயிலிருந்து பிரிந்து வரும் ஒரு கிளை, எங்கள் கழனிகளின் ஓரமாக ஓடி ஊர் ஏரியில் விழுகிறது. சில ஆண்டுகளில் அதில் கரை தொட்டுத் தண்ணீர் வருகிறது. சில ஆண்டுகளில் ஒரு சொட்டும் வருவதில்லை. வராத ஆண்டுகளில் சீமைக்கருவேலம் மண்டிப்போய், ஊர்க் குப்பையும் அதிலேயே சேர்கிறது.

கால்வாயை ஒட்டிய கொல்லைகளில் அண்மையில் வீட்டுமனைப் பிரிவு ஒன்று போடப்பட்டது. அதற்குப் பிறகு, கால்வாயைக் கான்கிரீட் பெட்டியாக மூடி அதன்மேல் சாலை போட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. கால்வாயிலிருந்து நேராகப் பாயும் கழனி ஒரு ஏக்கர்கூடக் கிடையாது, எல்லோரிடமும் கிணறும் போரும் இருக்கின்றன, ஆகவே அது செத்துப்போன கால்வாய் என்பதுதான் மூடச் சொல்பவர்கள் காட்டும் காரணம். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் இதற்கு எழுத்து வடிவில் மறுப்புக் கொடுக்க நாங்கள் சிலர் எண்ணியிருக்கிறோம்.

கால்வாய் வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டியது என்று ஊர்ப் பெரியவர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். பல்லவர் காலத்து வாய்க்கால் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். எது சரி? நேரடிப் பாசனம் இல்லாத கால்வாயால் இன்று பயன் உண்டு என்பதை எப்படி விளக்குவது? எந்த ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 — பாசனப் பிரிவு, பணி ஓய்வு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஊரில் இரு சாரார் சொல்வதும் ஒரே கால்வாயின் இரண்டு காலங்களைப் பற்றியதுதான் என்பதால், வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆனாலும் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு அல்ல அது. மேலே மழை பெய்தால் சில நாள் பெருகி வந்து, பிறகு மணலுக்குள் இறங்கிவிடும். இப்படிப்பட்ட ஆற்றை வைத்துக்கொண்டு நெல் விளைவிக்க வேண்டுமானால், வரும் சில நாள் வெள்ளத்தை விரைவாகப் பக்கவாட்டில் இழுத்து எங்கேனும் தேக்கியாக வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே பெரிய அணை கட்டித் தேக்க வசதியில்லாத இந்தச் சமவெளியில், நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி கட்டி, ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே கால் (வாய்க்கால்) வெட்டினார்கள். அதனால், கால்வாயின் முதல் வேலை ஏரியை நிரப்புவது. வழியில் உள்ள கழனிக்குப் பாய்வது அடுத்த வேலைதான். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

உங்கள் வட்டத்திலேயே மகேந்திரவாடி இருக்கிறது. அங்குள்ள குடைவரைக் கோயிலின் கல்வெட்டு, மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் திருமாலுக்காக அக்கோயிலைக் குடைவித்ததாகச் சொல்கிறது. அது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். காவேரிப்பாக்கம் ஏரியைப் பிற்காலப் பல்லவனான மூன்றாம் நந்திவர்மனோடு தொடர்புபடுத்துகிறார்கள். அவ்வூருக்கு அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயர் வழங்கியதும் அவனுடைய விருதுப்பெயரால்தான். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்தப் பகுதியில் ஏரிகள் நிற்கின்றன. அவ்வளவு பெரிய ஏரிகளை உள்ளூர் மழை மட்டுமே நிரப்பியிருக்க முடியாது என்பது, ஏரியின் பரப்பையும் அதன் சொந்த நீர்பிடிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும் விளங்கும். 1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் நடந்த சண்டையைப் பற்றிய குறிப்புகளிலும் சாலையோரத்து வறண்ட நீர்க்கால் ஒன்று வருகிறது. அதற்குள்தான் பிரெஞ்சுக் காலாட்படை நின்றது. அது உங்கள் கால்வாய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அணைக்கட்டுக்கு நூறாண்டுக்கு முன்பே இந்தச் சமவெளியில் கால்கள் இருந்தன என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

அணைக்கட்டு வருவதற்கு முன்பு, ஆற்றில் மணலும் தழையும் கொண்டு கொரம்பு கட்டித்தான் காலுக்குள் தண்ணீரைத் திருப்பினார்கள். ஒவ்வொரு வெள்ளத்திலும் கொரம்பு அடித்துக்கொண்டு போகும். மறுபடி கட்ட வேண்டும். 1801-இல் வட ஆர்க்காடு கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) கைக்கு வந்தது. 1858-இல் பாலாற்றின் குறுக்கே நிலையான அணைக்கட்டு எழுந்தது. இடது கரையில் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடிக் கால்வாய்களும், வலது கரையில் சக்கரமல்லூர், தூசிக் கால்வாய்களும் அதிலிருந்து புறப்படுகின்றன. இந்த அணைக்கட்டு நீரைத் தேக்குவதில்லை. ஆற்றின் நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தித் தலைமதகுக்குள் புகவைத்து, மிஞ்சியதைத் தன் தலைக்கு மேலாக வழியவிடுவதே அதன் பணி. ஆகவே வெள்ளைக்காரர் காலத்து வேலை என்பது முக்கியமாக ஆற்றிலிருந்து கால் பிரியும் இடத்தில் நடந்தது. உள்ளே இருந்த பழைய கால்களை எடுத்து நேர்செய்து, அகலப்படுத்தி, மதகு வைத்து இணைத்தார்கள். உங்கள் கிளை அப்படி இணைக்கப்பட்ட பழைய காலாகவும் இருக்கலாம், அதன்பின் வெட்டிய கிளையாகவும் இருக்கலாம். வளைந்து நெளிந்து நிலத்தின் சரிவோடு போகிறதா, அளந்து வெட்டியதுபோல நேர்கோட்டில் போகிறதா என்று புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) பாருங்கள். ஓரளவு ஊகிக்க அது உதவும்.

அணைக்கட்டு எழுந்த அதே 1858-இல்தான் கட்டாய உழைப்புச் சட்டமும் வந்தது. ஏரியையும் காலையும் ஊரார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து அதற்கு முன்பே தளர்ந்துவிட்டிருந்தது. அதைச் சட்டம் போட்டு மீட்க முயன்றார்கள். பெரும் பயன் கிட்டவில்லை. 1876 முதல் 1878 வரையிலான பஞ்சம் இந்த மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய பிறகு, 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, ஏரி ஏரியாக அளந்து குறிப்பேடு எழுதினார்கள். ஏரியின் கொள்ளளவு, மதகுகள், கலங்கலின் (மிகுநீர் வழியும் இடத்தின்) உயரம், தண்ணீர் வரும் வழி ஆகியவை அந்தக் குறிப்பேடுகளில் பதிவாகியிருக்கும். உங்கள் ஊர் ஏரிக்கான குறிப்பேட்டின் நகல் நீர்வளத்துறையின் பாசனப் பிரிவில் கிடைத்தால், உங்கள் கையில் அதைவிட வலுவான சான்று வேறு வேண்டியதில்லை.

இன்றைய பயன் பற்றி ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டு, விவசாயம் செய்பவர்களுக்கு இடம் விடுகிறேன். கிளைக் கால்வாய் ஆற்று நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. வழியில் இருபுறமும் பெய்யும் மழையையும் அதுவே வாங்கி ஏரியில் சேர்க்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது ஆற்றோர ஊர்களை மட்டுமே மக்கள் கவனித்தார்கள். கால்வாய் அடைபட்ட ஊர்களிலோ, ஆற்றுக்கு வெகு தொலைவிலும்கூட மழைநீர் தெருவில் நின்றது. பெட்டியாக மூடிய கால்வாய்க்குள் பக்கத்து நிலத்து நீர் இறங்க வழியே இராது. அடியும் பக்கமும் கான்கிரீட் ஆனால் நிலத்துக்குள் ஊறுவதும் நின்றுவிடும். உள்ளே படியும் வண்டலை எடுக்க ஆள் இறங்க முடியாது. மணல் அதிகம் வரும் பாலாற்றுக் கால்வாயைப் பொறுத்தவரை, இந்தக் கடைசிக் குறையே அதை மூட நினைப்பதைத் தடுக்கப் போதுமானது.

பதில் 2 — கடைமடை விவசாயி

பொறியாளர் ஐயா எழுதியதைக் கழனியில் நிற்பவனின் பக்கமிருந்து தொடர்கிறேன். எங்கள் ஊரும் அதே கால்வாய்க் கூட்டத்தின் கடைசியில்தான் இருக்கிறது. எங்களிடமும் இதே வாதத்தைச் சொன்னார்கள்.

அம்மா, போர் இருப்பதால் கால்வாய் வேண்டாம் என்பவர்களிடம், போரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மாடு பூட்டி இறைக்கும் கவலை ஏற்றம் போய் மின்மோட்டார் வந்த பிறகு, ஏரிப் பாசன நிலத்துக்குள்ளேயே கிணறு வெட்டிக்கொண்டோம். வட ஆர்க்காட்டு விவசாயம் ஏரியிலிருந்து கிணற்றுக்கு மாறியது உண்மைதான். ஆனால் ஏரி நிரம்பிய ஆண்டில் கிணற்று மட்டம் எவ்வளவு ஏறுகிறது, நிரம்பாத ஆண்டில் எவ்வளவு இறங்குகிறது என்பதை எங்கள் ஊரில் எந்தக் கிணற்றுக்காரரும் சொல்வார். ஏரி நிரம்பிக் கோடி போன (வழிந்த) ஆண்டில் சம்பா அறுத்துவிட்டு நவரையும் துணிந்து நடுகிறோம். சிலர் சொர்ணவாரிக்கும் விதை விடுகிறார்கள். கால்வாயில் தண்ணீர் வராத ஆண்டில் சம்பாவோடு நிறுத்திக்கொண்டு, மீதிக் காலத்துக்கு மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம், அல்லது நிலத்தைச் சும்மா விடுகிறோம். மதகைத் திறக்காமலேயே ஏரி எங்கள் கழனிக்குப் பாய்கிறது. பல ஊர்களில் மதகைத் திறக்காமல், தண்ணீரை ஏரியிலேயே ஊறவிட வேண்டும் என்று விவசாயிகளே ஒத்துப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நியாயக்கேடு உண்டு. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மதகு வழியாகத் தண்ணீர் வந்தால் ஆயக்கட்டில் (ஏரி பாயும் நிலப்பரப்பில்) உள்ள எல்லாருக்கும் பங்கு கிடைக்கும். ஊற்றாக மாறிவிட்டால், ஆழமான கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கே அது சேரும். அரை ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டு கிணறு இல்லாதவர், பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் விலைக்கோ வாரத்துக்கோ தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறது. கிராம சபையில் அவரும் உட்கார்ந்திருப்பார். கால்வாய் மூடப்பட்டால் முதலில் வற்றுவது அவர் வாங்கிப் பாய்ச்சும் ஆழமில்லாத கிணறுதான். உங்கள் மறுப்பில் அவருக்காக ஒரு பத்தி எழுதுங்கள். எங்கள் ஊரில் இந்த விவகாரத்தில் எங்களுக்குத் துணை நின்றவர்களில் அப்படிப்பட்டவர்களே அதிகம்.

கால்வாய் உங்கள் ஊரோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லுங்கள். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கடைவாசல் வழியாகப் போகும் நீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. காவேரிப்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள்: 3,968 ஏக்கர் பரப்பு, 30.65 அடி ஆழம், 6,278 ஏக்கர் பாசனம். அது நிரம்பி வழிந்தால் அந்த நீர் கொசஸ்தலையாற்றில் இறங்கி, பூண்டி நீர்த்தேக்கம் வரைக்கும் போய்ச் சென்னைக்குக் குடிநீராகிறது. நடுவில் ஓர் ஊர் தன் கிளையை அடைத்தால், கீழே உள்ள ஊர்களின் பங்கும் கெடும். கீழூர்க்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரே ஊர் கூடி இதை முடிவுசெய்வது முறையாகாது.

தண்ணீர் ஏன் சில ஆண்டுகளில் வருவதில்லை என்று கேட்பார்கள். பாலாறு கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஓடித்தான் இங்கே வருகிறது. மேலே உள்ளவர்கள் முன்னொப்புதல் இல்லாமல் புதிதாகத் தேக்கக் கூடாது என்ற 1892-ஆம் ஆண்டு மைசூர்–சென்னை உடன்படிக்கையில் பாலாறும் உண்டு. அப்படியிருந்தும் வாணியம்பாடிக்கு மேலே புல்லூரில் ஆந்திர அரசு கட்டிய தடுப்பணையின் உயரம் 2016-இல் 5 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது. இன்று அணைக்கட்டுக்கு வரும் தண்ணீரில், பாலாற்றில் வந்து கலக்கும் பொன்னையாற்றின் பங்கு பெரிது. அங்கே மழை பெய்தால்தான் எங்களுக்கு நம்பிக்கை வருகிறது. எப்போதாவது வரும் தண்ணீர் என்பதாலேயே அதை வாங்கும் வாய் திறந்திருக்க வேண்டும். வருகிற அந்தப் பத்துப் பதினைந்து நாளில் வாங்காவிட்டால், அடுத்த வாய்ப்பு எந்த ஆண்டு என்று யாராலும் சொல்ல முடியாது.

நீரின் தரத்தையும் விட்டுவிடக் கூடாது. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுக் கரை நிலம் பட்ட பாடு உலகறிந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்தியது. எங்கள் ஊரில் முதலில் வரும் கலங்கிய தண்ணீரை ஏரிக்குள் விடாமல் போக்குக்காலில் திருப்பிவிட்டு, தெளிந்த பிறகே வாங்குகிறோம். கிணற்று நீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நல்ல வெள்ளம் வந்து நிலத்தடியில் இறங்கினால் உவர்ப்பு குறைகிறது என்பதை எங்கள் கிணறுகளில் கண்டிருக்கிறோம். அந்த வகையிலும் கால்வாய் எங்களுக்குத் தேவைப்படுகிறது.

பதில் 3 — நில அளவை

ஆவணங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலில் கால்வாய் போகும் புல எண்களுக்கு ‘அ’ பதிவேட்டின் (கிராம நிலப் பதிவேட்டின்) பகர்ப்பையும் புலப்பட நகலையும் எடுங்கள். இரண்டும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. அதில் ‘கால்வாய்’ அல்லது ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருந்தால், தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பது சட்டத்தின் பார்வையில் வகைப்பாட்டை மாற்றாது.

அடுத்து, 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். பழைய பதிவில் கால்வாயாக இருந்து, புதிய பதிவில் அகலம் குறைந்திருந்தாலோ தனியார் புல எண்ணுக்குள் போயிருந்தாலோ, அதைத் தனியே எழுதித் திருத்தம் கோர வேண்டும். மனைப்பிரிவின் வரைபடத்தில் கால்வாய் காட்டப்பட்டிருக்கிறதா, நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்றில் என்னென்ன நிபந்தனைகள் உள்ளன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அந்தச் சான்றின் நிபந்தனைகளை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது அங்கேயே இருக்கும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு வருவாய்த் துறைக்கு உண்டு. நீர்நிலைகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உங்கள் மனுவில் ஒரு வரி குறிப்பிடுங்கள். கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு என்றாலும், நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ள கால்வாயை மூட ஊராட்சி மட்டும் அனுமதி கொடுத்துவிட முடியாது. இதைச் சபையில் அமைதியாக எடுத்துச் சொன்னாலே பேச்சின் போக்கு மாறும்.

கேட்டவரின் மறுமொழி — நெமிலி வட்டத்து ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘அ’ பதிவேட்டைப் பார்த்துவிட்டோம். வாய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கிறது. கிணறு இல்லாதவர்களைப் பற்றி எழுதச் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத செய்தி. அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசத் தொடங்கியிருக்கிறோம். இதற்கிடையே கால்வாயை மூடச் சொன்னவர்கள் தரப்பு சற்று இறங்கி வந்து, முழுவதும் மூட வேண்டாம், மனைப்பிரிவுக்குப் போகும் வழியில் மட்டும் இரண்டு சிமெண்டுக் குழாய் போட்டுச் சாலை கடக்க விட்டால் போதும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தெரிகிறது. இதற்கு இசையலாமா?

பதில் 4 — பாசனப் பிரிவு, பணி ஓய்வு

அம்மா, சாலை கடக்க வழி விடுவதில் தவறில்லை. மனை வாங்கியவர்களும் நம் மக்கள்தான். ஆனால் குழாய்க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும் வந்து குழாயின் வாயில் சிக்கினால், வெள்ளம் வந்த முதல் இரவிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு கழனிக்குள் புகும். கால்வாயின் முழு அகலத்துக்கும், நடுவில் தூண் இல்லாமல், மேலே தளம் போட்ட சிறு பாலமாகக் கேளுங்கள். ஆள் குனிந்து உள்ளே போய் வண்டல் அள்ளும் அளவுக்காவது உயரம் வேண்டும். வடிவமைப்புக்கு நீர்வளத்துறையின் ஒப்புதல் பெற்ற பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பதையும், செலவு மனைப்பிரிவு போட்டவருடையது என்பதையும் தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அடிமட்டத்தைக் கவனியுங்கள். இந்தச் சமவெளியில் கால்வாயின் சரிவு மிகக் குறைவு. பாலத்தின் தரை அரை அடி உயர்ந்தாலும், அதற்கு மேற்கே தண்ணீர் தேங்கி, கிழக்கே ஏரிக்குப் போவது குறைந்துவிடும். இன்று கால்வாயில் தெரியும் தரை வண்டல் படிந்த தரை. அதை அடிமட்டமாக எடுத்துக்கொண்டு பாலம் கட்டினால், நாளை தூர் வாரும்போது பாலமே தடுப்புச் சுவராக நிற்கும். ஆகவே கால்வாயின் நீளவெட்டு வரைபடத்தைப் (நெடுக அடிமட்டம் காட்டும் படத்தைப்) பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அந்த இடத்துக்கு அதில் எழுதியிருக்கும் அடிமட்டத்தை, அலுவலர் முன்னிலையில் அளவுக் கருவி வைத்துக் கரையில் ஒரு கல்லில் குறிக்கச் செய்யுங்கள். நவம்பர் 1-க்கு முன்பே இது முடிந்துவிட்டால், எந்த மட்டத்தில் பாலம் வரவேண்டும் என்ற எண்ணையே தீர்மானத்தில் எழுதலாம்.